இரண்டு கழுதைகளில் ஒன்றை மட்டும் கொடுத்துவிடலாமா?

கேள்வி: தர்மபுரி மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் இருக்கிறோம். எங்கள் பகுதியில் சலவைத் தொழில் செய்துவந்த ஒரு குடும்பம் தொழிலை விட்டு வெளியூர் போய்விட்டது. அவர்களுடைய இரண்டு கழுதைகளும் ஏழெட்டு மாதமாகக் குப்பை மேட்டில் மேய்ந்துகொண்டிருந்தன. ஒன்று வயதான பெட்டை. அதன் குளம்புகள் நீண்டு செருப்பு முனை போல வளைந்துவிட்டன, முன்னங்காலில் தளைக்கயிறு அறுத்த புண்ணில் புழு வைத்திருக்கிறது. இன்னொன்று மூன்று நான்கு வயது ஆண், அதன் குட்டியாக இருக்கலாம். போன வாரம் இரண்டையும் எங்கள் தென்னந்தோப்புக்கு ஓட்டி வந்துவிட்டோம். மிஞ்சிய சோறும் மாட்டுத் தீவனமும் கொடுக்கிறோம். வயதானது ஒரே இடத்தில் அமைதியாக நிற்கிறது, எந்தத் தொந்தரவும் இல்லை. குளம்பை நாங்களே வெட்டிவிடலாமா? சின்னதை மட்டும் வாங்கிக்கொள்வதாக ஒருவர் வந்து கேட்கிறார், கொடுத்துவிடலாமா? இரண்டையும் பார்த்துக்கொள்வது சிரமம் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

அன்புள்ள சகோதரிக்கு,

புழு வைத்த புண்ணுக்கும் வளைந்த குளம்புக்கும் வழி இருக்கிறது. உங்கள் கடிதத்தில் என்னைக் கலங்க வைத்தது "அமைதியாக நிற்கிறது, தொந்தரவு இல்லை" என்ற வரிதான். நாய்க்கு வலித்தால் முனகும், குதிரைக்கு வயிறு வலித்தால் கீழே விழுந்து புரளும், கழுதை பெரும்பாலும் சும்மா நிற்கும். காதைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு, தலையைத் தாழ்த்தி, தீனியில் வாயை வைத்த மாதிரி வைத்துக்கொண்டு, உண்மையில் எதையும் விழுங்காமல் நிற்கும். பார்க்கிறவர்களுக்குச் சாது என்று தோன்றும். அப்படி நிற்கிற கழுதையை அவசர நோயாளி என்று எடுத்துக்கொள்வது என் வழக்கம். அதனால் இதைப் படித்ததும் முதல் வேலையாக 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்குப் பேசுங்கள், இல்லையென்றால் பக்கத்திலுள்ள கால்நடை மருந்தகத்துக்குப் போய் மருத்துவரைக் கையோடு அழைத்து வாருங்கள். மற்றதையெல்லாம் அப்புறம் படிக்கலாம்.

மருத்துவர் வருவதற்குள் நீங்கள் பார்க்கக்கூடியவை சில. ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்தால் கழுதைக்கு 36.2 முதல் 37.8 டிகிரி செல்சியஸ் வரை இருப்பது சரி, நம் வெயிலில் கொஞ்சம் கூடலாம். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 36 முதல் 52. விட்டை போடுகிறதா, எத்தனை முறை போடுகிறது, உருண்டையாக இருக்கிறதா, மேலே சளி மாதிரி படலம் இருக்கிறதா என்று கவனியுங்கள். தீனியில் வாய் வைக்கிறது என்பதை நம்ப வேண்டாம். தொண்டையில் இறங்குகிறதா என்று பத்து நிமிடம் பக்கத்தில் நின்று பாருங்கள்.

இனி நீங்கள் கேட்டதில் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கொடுக்காதீர்கள். ஒன்றை மட்டும் பிரித்து யாருக்கும் கொடுக்காதீர்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு செங்கல் சூளையிலிருந்து இரண்டு கழுதைகள் வந்தன. ஒன்றுக்கு முதுகில் ஆழமான பொதிப்புண், எலும்பு தெரிந்தது. இன்னொன்றுக்குப் பெரிதாக எதுவும் இல்லை, நல்ல சதைப்பற்றோடு இருந்தது. புண்ணுக்கு மருந்து போட வசதியாக இருக்கும் என்று நினைத்து, நன்றாக இருந்ததை ஒரு தோப்புக்காரர் வீட்டுக்கு அனுப்பச் சொன்னது நான்தான். புண்பட்டது பிழைத்துக்கொண்டது. நன்றாக இருந்தது அங்கே போனதிலிருந்து வேலிப்பக்கமே பார்த்துக்கொண்டு நின்றதாம், தீனி குறைந்துவிட்டதாம், "புது இடம், பழகிவிடும்" என்று அவரும் நினைத்தார், தொலைபேசியில் கேட்ட நானும் அப்படியே சொன்னேன். நாலாம் நாள் போய் ரத்தம் எடுத்தேன். குழாயில் சிவப்பு கீழே தங்க, மேலே தெளிந்து நிற்க வேண்டிய நீர் பால் போல வெள்ளையாக இருந்தது. ஐந்தாம் நாள் செத்துவிட்டது. அது என் தவறு. இன்றைக்கும் யாராவது ஒரு கழுதையை மட்டும் கொண்டு வந்தால் "கூட இருந்தது எங்கே?" என்பதைத்தான் முதலில் கேட்கிறேன்.

அந்த வெள்ளை நிறம் கொழுப்பு. கழுதை ஒன்றிரண்டு நாள் சரியாகச் சாப்பிடாவிட்டால், அல்லது பயம், பயணம், பிரிவு, வலி என்று ஏதாவது ஒன்று அதை உலுக்கினால், உடம்பு சேமித்து வைத்த கொழுப்பை எரிபொருளுக்காக ரத்தத்தில் இறக்கத் தொடங்கிவிடும். அதை எங்கே நிறுத்துவது என்று கழுதையின் உடம்புக்குத் தெரிவதில்லை, இறக்கிக்கொண்டே போகும், கல்லீரலும் சிறுநீரகமும் கொழுப்படைந்து செயலிழக்கும். ஹைப்பர்லிப்பீமியா என்று நாங்கள் சொல்வோம். முற்றிவிட்டால் பாதிக்குமேல் இறந்துவிடும். ஆரம்பத்திலேயே பிடித்துக் குளுக்கோஸ், நரம்பு வழித் திரவம், மூக்குக் குழாய் வழியே உணவு என்று கொடுத்தால் காப்பாற்ற வாய்ப்புண்டு. சினைக் கழுதைக்கும், வயதானதற்கும், குண்டாக இருப்பதற்கும் ஆபத்து கூடுதல். உங்கள் பெட்டை வயதானது. கூடவே ஆண் கழுதை சுற்றியிருப்பதால் சினையாகவும் இருக்கலாம். முதுகெலும்பு துருத்தி வயிறு மட்டும் பெரிதாக இருந்தால் அது குடற்புழுவாலும் இருக்கும், குட்டியாலும் இருக்கும். கழுதைக்குச் சினைக்காலம் சுமார் 12 மாதம், அதையும் தாண்டிப் போவதுண்டு. மருத்துவரைப் பரிசோதித்துச் சொல்லச் சொல்லுங்கள், ஏனென்றால் எந்த மருந்து கொடுக்கலாம் என்பதே அதைப் பொறுத்து மாறும்.

தாயும் மகனும் என்பது உண்மையானால், உடம்பு தேறியதும் ஆணுக்குக் காயடித்துவிட வேண்டும். காயடித்த பிறகும் சில வாரங்களுக்குச் சினைப்படுத்தும் திறன் இருக்கும், அதுவரை நடுவே ஒரு மூங்கில் தடுப்பு போதும். ஒன்றையொன்று பார்க்கவும் மூக்கால் தொடவும் முடிய வேண்டும். ஊசி போடப் பெரியதை வெளியே அழைத்துப் போனாலும் சின்னதையும் கூடவே கூட்டிப் போங்கள், வண்டியில் ஏற்றினாலும் இரண்டையும் ஏற்றுங்கள். சிரமம்தான், ஆனால் ஒன்று முன்னால் நடந்தால் மற்றது தானாக வரும், கயிற்றைப் பிடித்து இழுக்கிற வேலை பாதி குறைந்துவிடும்.

தீவனத்துக்கு வருவோம். சோற்றையும் மாட்டுத் தீவனத்தையும் நிறுத்திவிடுங்கள். அன்போடு கொடுத்திருக்கிறீர்கள், புரிகிறது, இந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான் கொடுப்பார்கள். ஆனால் கழுதைக்கு மாட்டைப் போல அசைபோடும் வயிறு கிடையாது. சோற்றிலுள்ள மாவுச்சத்து செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து அமிலமாகும், அதன் விளைவு குளம்பில் தெரியும். குளம்புக்குள் எலும்பைத் தாங்கிப் பிடித்திருக்கும் அடுக்கு வீங்கி, கால் ஊன்ற முடியாமல் போகும். ஏற்கனவே வளைந்த குளம்போடு நிற்கிற கழுதைக்கு இது எப்படிப்பட்ட வலி என்று யோசித்துப் பாருங்கள். மாட்டுத் தீவனத்தில் இன்னொரு ஆபத்து இருக்கிறது: மாட்டுக்கும் கோழிக்கும் விற்கும் சில தீவனங்களில் மோனென்சின் என்ற மருந்து கலப்பதுண்டு, மாட்டுக்கு ஒன்றும் செய்யாது, குதிரை இனத்துக்கு அது இதயத்தசையைக் கெடுக்கும் விஷம். உங்கள் மூட்டையில் அது இருக்கிறதோ இல்லையோ, சோதித்துப் பார்க்கிற இடம் கழுதையின் உடம்பாக இருக்க வேண்டாம். ஒரு விஷயம் மட்டும்: சோற்றை நிறுத்துகிற அன்றே முன்னால் வேறு தீனி இருக்க வேண்டும், அரை நாள் கூட வெறும் வயிற்றோடு விடக்கூடாது.

உங்கள் பக்கம் ராகித்தாளும் சோளத்தட்டையும் தாராளமாகக் கிடைக்கும், கழுதைக்கு அதுதான் சாப்பாடு. கழுதையின் உடம்பு பாலைவனத்துக்காக உருவானது. சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன்பு கிழக்கு ஆப்பிரிக்காவில் மனிதனிடம் வந்து சேர்ந்த விலங்கு இது, காய்ந்த தாளைக் கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்கக் கொறிப்பதுதான் அதற்கு ஒத்துவரும். நம் ஊர்க் கழுதை 100, 120 கிலோ இருக்கும், ஒரு நாளைக்கு உடல் எடையில் ஒன்றரை சதவீதம், அதாவது ஒன்றரை முதல் இரண்டு கிலோவுக்குள் காய்ந்த தீவனம் போதும். பட்டினி கிடந்தது என்பதற்காக முதல் நாளே கொட்டிக் குவிக்காதீர்கள், நாளுக்கு ஆறேழு முறையாகப் பிரித்துக் கொடுத்து, ஒரு வாரம் பத்து நாளில் முழு அளவுக்குக் கொண்டு வாருங்கள். வயதானது மென்று மென்று உருண்டையாகக் கீழே துப்பினால் பல்லில் கோளாறு. கடைவாய்ப் பல் கூர்முனையாக வளர்ந்து கன்னத்தையும் நாக்கையும் குத்திக்கொண்டிருக்கும். பல்லை ராவிவிடும் வரை தாளைப் பொடியாக நறுக்கி ஊறவைத்துக் கொடுங்கள்.

பூக்காத இளஞ்சோளப் பயிரைப் பச்சையாகக் கொடுக்கவே கூடாது, வாடிய பயிரில் இன்னும் ஆபத்து, அதில் சயனைடு உண்டாகும். தோப்பு வேலியில் அரளி இருந்தால் இன்றே வெட்டி, வெட்டியதையும் அப்புறப்படுத்துங்கள், காய்ந்த அரளி இலையும் கொல்லும். தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும். கழுதைக்குத் தாகம் தாங்கும் சக்தி அதிகம், ஆனால் கலங்கல் தண்ணீரைக் குடிக்காமலே நாள் கடத்தும், அது தெரியாமல் "தொட்டியில் தண்ணி இருக்கே" என்று நாம் இருந்துவிடுவோம். குப்பை மேட்டில் மேய்ந்ததால் வயிற்றில் பிளாஸ்டிக் இருக்க வாய்ப்பு அதிகம். விட்டை ஒரு வேளை நின்றாலும் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

புழு வைத்த புண்ணில் பெட்ரோல், மண்ணெண்ணெய், பினாயில் எதையும் ஊற்றாதீர்கள். மருத்துவர் புழுவை எடுத்து, செத்த சதையை நீக்கி, கட்டுப் போடுவார். உங்கள் வேலை தினமும் உப்பு கலந்த ஆறவைத்த வெந்நீரில் கழுவி, அவர் சொல்கிற மருந்தைப் போட்டு, ஈ உட்காராமல் பார்த்துக்கொள்வது. மறக்காமல் டெட்டனஸ் ஊசி கேளுங்கள், குதிரையும் கழுதையும் டெட்டனஸுக்கு மிக எளிதில் ஆளாகும். வெறிநாய்த் தடுப்பூசியும் போட்டுவிடுங்கள். குடற்புழு மருந்தை நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம், இவ்வளவு மெலிந்த உடம்பில் ஒரே நேரத்தில் புழுக்கள் எல்லாம் செத்தால் குடலே தாங்காது.

புண்ணைத் தொடும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பயமுறுத்தச் சொல்லவில்லை. கிளாண்டர்ஸ் என்று ஒரு நோய் குதிரை இனத்தில் உண்டு, மூக்கில் கெட்டியான சளி, தோலில் முடிச்சு முடிச்சாகக் கட்டி, மனிதருக்கும் தொற்றும். எங்கிருந்தோ வந்த எந்தக் கழுதைக்கும் ரத்தம் எடுத்து இதற்குச் சோதிப்பது நல்லது. அரசு கால்நடை மருத்துவர் வழியாக ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்துக்கு மாதிரி அனுப்பலாம். முடிவு வரும்வரை வேறு குதிரை, கழுதை எதையும் தோப்பில் சேர்க்காதீர்கள், குழந்தைகளைக் கொஞ்ச நாள் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

குளம்பை நீங்களே வெட்டக்கூடாது. வளைந்ததை ஒரே நாளில் அரிவாளாலோ ரம்பத்தாலோ வெட்டி நேராக்கிவிட்டு, அந்தப் படத்தைப் பெருமையாக அனுப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், படத்தில் நன்றாகத்தான் இருக்கிறது, மறுநாள் அந்தக் கழுதை எழுந்திருப்பதில்லை. பல மாதமாக அந்தக் கோணலான குளம்புக்கு ஏற்றபடி அதன் எலும்பும் தசைநாரும் தங்களை மாற்றிக்கொண்டிருக்கின்றன. உள்ளே எலும்பு எங்கே இருக்கிறது என்பது வெளியிலிருந்து தெரியாது, எக்ஸ்ரே எடுத்தால் தெரியும். உங்களுக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி எட்டும் தூரம்தான். முதல் தடவை கொஞ்சம் வெட்டி, ஆறு முதல் எட்டு வாரம் விட்டு மறுபடி கொஞ்சம், அப்படி மூன்று நான்கு தடவையில் கொண்டு வரவேண்டும். லாடம் அடிப்பவர் குதிரையில் பழகியவராக இருந்தால் ஒன்று சொல்லி வையுங்கள், கழுதைக் குளம்பு குதிரைக் குளம்பைவிடக் குறுகலாகவும் நிமிர்ந்தும் இருக்கும், குதிரைக் கணக்கில் சாய்த்து வெட்டினால் கெட்டது. உங்கள் மாவட்டத்திலேயே பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலைக்குத் தேர்தலின்போது வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதை முதுகில்தான் போயிருக்கின்றன. சாலை இல்லாத மலைக்கிராமங்களுக்குப் பொதி ஏற்றும் கழுதைக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள், யாரிடம் குளம்பு வெட்டுகிறார்கள் என்று அவர்களைக் கேட்டால் ஆள் கிடைக்கும். பழக்கமான கை உள்ளவர்கள் அவர்கள்தான்.

குளம்பு ஈரத்தை உறிஞ்சும், அதனால் நிற்கிற இடம் காய்ந்திருக்க வேண்டும். தென்னைக்குத் தண்ணீர் பாயும் பாத்தியில் கட்டாதீர்கள், கட்டவே வேண்டாம், தோப்பில் ஒரு மூலையை வேலி போட்டு அடைத்து அவிழ்த்து விடுங்கள். தளைக்கயிறு இனி அந்தக் கால்களில் படக்கூடாது. மேலே கீற்றோ தகரமோ போட்ட ஒரு கொட்டகை அவசியம். "கழுதை கெட்டால் குட்டிச்சுவர்" என்று நாம் சொல்கிறோமே, அந்தச் சுவரோரம் அது போய் நிற்பதற்குக் காரணம் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். கழுதையின் முடியில் குதிரை முடியில் உள்ள அளவுக்கு எண்ணெய்ப்பசை இல்லை, மழை நேராகத் தோல்வரை இறங்கிவிடும், ஊறிய தோலில் புண் வரும், குளிரில் நடுங்கும். ஒதுங்க ஒரு சுவர் கிடைத்தால் அதற்கு அதுவே வீடு. அப்புறம் புரண்டு விளையாட ஒரு புழுதித் திட்டு விட்டு வையுங்கள். முதல்முறையாக அது உங்கள் முன்னால் படுத்துப் புரண்டால், பயம் கொஞ்சம் தெளிந்திருக்கிறது என்று அர்த்தம்.

நடக்கச் சொன்னால் நடக்காமல் நின்றால் அடிக்க வேண்டாம். குதிரை பயந்தால் ஓடும், கழுதை பயந்தால் நின்று யோசிக்கும். நாமும் கூடவே ஒரு நிமிடம் நின்றால் போதும், அது முடிவு செய்து காலை எடுத்து வைக்கும்.

விட்டுவிட்டுப் போன குடும்பத்தைப் பற்றி நீங்கள் கோபமாக எதுவும் எழுதவில்லை, அது எனக்குப் பிடித்திருந்தது. சட்டப்படி பார்த்தால் 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம் கால்நடையைக் கைவிடுவதைக் குற்றம் என்கிறது, முதல் குற்றத்துக்கு அதில் எழுதியிருக்கும் அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. அதனால் யாருக்கும் எதுவும் ஆகப்போவதில்லை. துணி மூட்டைக்குப் பதில் வண்டி வந்துவிட்டது, வீட்டுக்கு வீடு வாஷிங் மெஷின் வந்துவிட்டது, வருமானம் நின்ற குடும்பம் தன் பிள்ளைகளுக்கே சோறு தேடிப் போகும்போது கழுதையை எங்கே கூட்டிப் போகும்? 2012 கணக்கெடுப்பில் இந்தியாவில் 3.2 லட்சம் கழுதைகள் இருந்தன, 2019ல் 1.2 லட்சம்தான். இந்தச் சரிவின் பெரும்பகுதி, கழுதை வளர்த்தவர்களின் பிழைப்பு சரிந்த கதை. முடிந்தால் அவர்களைத் தேடிப் பிடித்து, இரண்டையும் உங்களிடம் ஒப்படைப்பதாக ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். நாளைக்கு யாராவது உரிமை கொண்டாடி வந்தால் அது உதவும். கூடவே அவற்றின் பெயரையும், வயதையும், எப்படிக் கூப்பிட்டால் வரும் என்பதையும் கேட்டு வாருங்கள், பழகிய குரல் என்றால் தீனி எடுக்க மறுக்கிற கழுதையும் சில நேரம் வாய் வைக்கும்.

சின்னதைக் கேட்டு வருகிறவரிடம் எதற்கு என்று தெளிவாகக் கேட்டீர்களா? நல்ல மனிதராகவே இருக்கலாம். ஆனால் ஆந்திராவில் கழுதை இறைச்சிக்காகச் சட்டத்துக்குப் புறம்பாக வெட்டுவது நடக்கிறது, வெளி மாநிலங்களிலிருந்தும் பிடித்துப் போகிறார்கள். சீனாவில் கழுதைத் தோலைக் காய்ச்சி எடுக்கும் எஜியாவோ என்ற மருந்துக்காக உலகம் முழுக்கக் கழுதைகள் போய்க்கொண்டிருந்ததால்தான் 2024 பிப்ரவரியில் ஆப்பிரிக்க நாடுகள் சேர்ந்து, தோலுக்காகக் கழுதையை வெட்டுவதற்குத் தடை கொண்டு வந்தன. பொதி சுமக்கத்தான் என்றால், 1965ஆம் ஆண்டு விதிப்படி ஒரு கழுதை மீது 50 கிலோவுக்கு மேல் ஏற்றக்கூடாது, வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் பகல் 12 முதல் 3 வரை வேலை வாங்கக்கூடாது. இதை அவரிடம் சொல்லிப் பாருங்கள், முகத்தைப் பார்த்தே தெரிந்துவிடும். எப்படியானாலும், இரண்டையும் சேர்த்து வைத்துக் காப்பாற்றுகிறேன் என்று சொல்கிற ஆள் கிடைத்தால் மட்டும், அவர் இடத்தை நீங்களே போய்ப் பார்த்துவிட்டு யோசியுங்கள்.

வீட்டில் சிரமம் என்று சொல்கிறவர்களிடம் ஒரு கணக்கு சொல்லுங்கள். முதல் மூன்று மாதம் மருந்து, ஊசி, குளம்பு என்று செலவும் அலைச்சலும் இருக்கும். அதற்குப் பிறகு தாள், தண்ணீர், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை குளம்பு, வருடத்துக்கு ஒரு முறை பல், அவ்வளவுதான். இரண்டு கழுதைக்கு ஆகிற தீவனம் ஒரு கறவை மாட்டுக்கு ஆவதைவிடக் குறைவு. விட்டை தென்னைக்கு உரமாகும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் கழுதை 30 வருடம் கூட வாழும், ஆகவே சின்னதை வைத்துக்கொள்வது நீண்ட கால முடிவு என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

பெரியது பிழைக்குமா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்கப் பயந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எக்ஸ்ரேயில் குளம்பு எலும்பு கீழே இறங்கியிருந்தால், அல்லது ரத்தம் வெள்ளையாகிவிட்டிருந்தால், வலியில்லாமல் அனுப்பிவைப்பதுதான் சரி என்று மருத்துவர் சொல்லக்கூடும். அப்படிச் சொன்னால் அவரிடம் சண்டை போடாதீர்கள். அந்த நாள் வந்தால், சின்னதைத் தூரமாகக் கொண்டுபோய்க் கட்டிவிடாதீர்கள், அது பக்கத்திலேயே இருக்கட்டும். முடிந்த பிறகு உடலை உடனே எடுக்கவும் வேண்டாம். முகர்ந்து பார்க்கும், மூக்கால் தள்ளிப் பார்க்கும், சில நேரம் கத்தும், கொஞ்ச நேரம் பக்கத்தில் நிற்கும். ஒரு மணி நேரமோ மூன்று மணி நேரமோ ஆகும், அப்புறம் தானாகவே திரும்பித் தீனிப்பக்கம் போகும். குழி தோண்ட வந்த ஆட்களை அதுவரை காத்திருக்கச் சொல்லுங்கள்.